கொமடோர் 64ஐ மலிவுக் கணினியோடு இணைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இன்னமும் சில வீடுகளில் கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி இருக்கிறது. எண்பதுகளில் வெளிநாடு போன மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த பெட்டி. அதிலுள்ள நிரல்களைக் காப்பாற்ற இளைஞர்கள் தாமே கேபிள் செய்து, விலை குறைந்த பழைய மேசைக் கணினி ஒன்றோடு இணைக்கிறார்கள். நல்ல வேலை. சோல்டர் சரியாகப் பிடிக்காதது, வயர் அறுந்தது போன்றவை தாமாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரடியாக வயர் இழுப்பது

கேபிளைச் செருகும் இடமான கொமடோரின் யூசர் போர்ட்டில், தரவு முனைகளுக்கு 0 முதல் 5 வோல்ட் வரைதான். கணினியின் சீரியல் போர்ட்டில் கூட்டலிலும் கழித்தலிலும் 12 வோல்ட் வரை வரும். நடுவில் இந்த வோல்ட்டுகளை மாற்றிக்கொடுக்கும் மக்ஸ்232 சில்லு வேண்டும். இதில் பேரம் இல்லை.

'பி' முனையை மறப்பது

கொமடோர் அனுப்புகிறது, ஆனால் எதையும் வாங்குவதில்லை என்பார்கள். யூசர் போர்ட்டின் 'சி' முனையில் மட்டும் வயர் வைத்திருப்பார்கள். ஓர் எழுத்து வரத் தொடங்குகிறது என்று கொமடோரைத் தட்டி எழுப்புவது 'பி' முனை. இரண்டையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.

தலைகீழாகச் செருகுவது

யூசர் போர்ட்டின் 10, 11ஆம் முனைகளில் 9 வோல்ட் ஏசி இருக்கிறது. இணைப்பியைப் புரட்டிச் செருகினால், நீங்கள் சேர்த்துக் கட்டிய 'பி'யும் 'சி'யும் சரியாக அந்த இரண்டின் மேல் போய் உட்காரும். அது நேர் ஷோர்ட். போர்ட்டில் இருக்கும் வெட்டுகளுக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் துண்டுகளை இணைப்பியில் வைத்துவிடுங்கள்.

பிளக்கைக் கழற்றாமல் இணைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். "சேர், இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் செருகினேன்" என்று ஒரு பையன் சத்தியம் செய்தான். உண்மைதான், அணைத்திருந்தான். பிளக்குகள் சுவரிலேயே இருந்தன.

மேசைக் கணினியை முன்பொத்தானால் அணைத்தாலும் பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் நிற்கிறது. அதன் வடிகட்டிக் கபாசிட்டர்கள் எர்த் வயரை நம்பியே வைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் கணினியின் இரும்புக் கூடு மின்னழுத்தத்தில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். விரலில் சுருக்கென்று படுமே, அதுதான். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் ஆளுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை, சில்லுக்கு ஆகும். நம் தோட்ட லயன் வீடுகளில் எர்த் இருக்கும் இடம் குறைவு. இருந்தாலும் இரண்டு முனை அடாப்டரைப் போட்டு அதையும் துண்டித்துவிடுகிறோம். சுவர் சுவிட்சை நம்பலாமா? பழைய வயரிங்கில் லைவும் நியூட்ரலும் மாறிக் கிடந்தால் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலைத்தான்.

மறுபக்கம் கொமடோர் தொலைக்காட்சியோடு சேர்ந்திருக்கிறது. தொலைக்காட்சியிலிருந்து கேபிள் டிஷ் அன்டனாவுக்குப் போகிறது. டிஷ்ஷின் இரும்புக் கம்பம் மண்ணில் நிற்கிறது. ஆக, ஒரு பக்கம் மிதக்கும் கூடு, மறுபக்கம் ஈர மண். யூசர் போர்ட்டில் கிரவுண்ட் முதலில் தொடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கோணலாகச் செருகினால் தரவு முனை முந்திவிடும்.

அந்தப் பையனுக்குப் போனது, கொமடோரில் உள்ள இரண்டு 6526 சில்லுகளில் யூசர் போர்ட்டைக் கவனிக்கும் இரண்டாவது சில்லு. டிஸ்க் டிரைவோடு பேசுவதும் அதே சில்லுதான் என்பதால், நிரல்களைக் காப்பாற்ற வந்தவனுக்கு டிஸ்க்கே திறக்கவில்லை. 6526 இப்போது உற்பத்தியில் இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மக்ஸ்232 கேட்டு வாங்கலாம், இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆகவே கணினி, கொமடோர், தொலைக்காட்சி மூன்றின் பிளக்குகளையும் சுவரிலிருந்து உருவுங்கள். டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். பிறகு கேபிளைச் செருகி, எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். கழற்றும்போதும் முதலில் பிளக்குகள்தான்.

பழைய பவர் சப்ளை

அதன் 5 வோல்ட் முனையில் 5 வோல்ட்தான் வருகிறதா என்று அளக்காமல் கொமடோரில் மாட்டாதீர்கள்.

சித்திரை, ஐப்பசி இடி

இடி இடிக்கும் அந்த மாதங்களில் பிற்பகலில் இணைக்காதீர்கள்.

வேகத்துக்கு ஆசைப்படுவது

1200 பாட் (baud) வேகத்தில் தொடங்குங்கள். நொடிக்கு 120 எழுத்துகள். 170 கிலோபைட் கொண்ட ஒரு முழு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். போய்ச் சேர்ந்த உரையில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறியிருந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். கொமடோரின் எழுத்து அட்டவணையே அப்படி. அனுப்பும் நிரலில் அதை மாற்றும் வசதி இருக்கும்.