என்ஜினைத் தொடாமல் பழைய மஸ்டாங்கை ரேஸ் டிராக்குக்குத் தயார்ப்படுத்தும் முறை

கலிபோர்னியாவின் ரோசமண்ட் அருகே வில்லோ ஸ்பிரிங்ஸ் என்ற பழைய டிராக் இருக்கிறது. 1953-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 2.5 மைல், வளைவுகள் 9. என் 1966 ஃபோர்டு மஸ்டாங்கை அங்கே முதன்முறை ஓட்டியபோது நான்காவது சுற்றிலேயே பிரேக் மிதி தரையைத் தொட்டது. வளைவுகளில் காரின் முன்மூக்கு வெளிப்பக்கமாகவே சென்றுகொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியில் நான் யோசித்தது பெரிய கார்புரேட்டரைப் பற்றி அல்ல. 289 கன அங்குல வி8 என்ஜின் தரும் 200 குதிரைத்திறனையே இந்தக் காரால் பயன்படுத்த முடியவில்லை என்பது அன்று தெளிவாகிவிட்டது. ஆகவே, இந்தச் செய்முறையில் என்ஜினின் திறனைக் கூட்டுவதற்கு ஒரு டாலர்கூடச் செலவிடவில்லை.

மஸ்டாங்கை மசில் கார் (பெரிய என்ஜின் கொண்ட வேகக் கார்) என்று சொல்லக்கூடாது, போனி கார் (அதைவிடச் சிறிய ஸ்போர்ட்டி கார்) என்றே சொல்ல வேண்டும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால், ஃபாஸ்ட்பேக் (கூரை பின்முனை வரை சரிந்திறங்கும் வகை) அல்லாத சாதாரண கூப்பே பந்தயத்துக்கு உதவாது என்பவர்களோடு உண்டு. பந்தயக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பி மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கை வைத்துச் செய்த ஜிடி350-ஐ அமெரிக்கப் பந்தய அமைப்பான எஸ்சிசிஏ ஸ்போர்ட்ஸ் கார் என்று வகைப்படுத்திவிட்டதால், 1966-இல் செடான் கார்களுக்காகத் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடருக்கு ஷெல்பி நிறுவனம் தயாரித்தவை கூப்பேக்களே. அந்த ஆண்டு தயாரிப்பாளர் பட்டத்தையும் ஃபோர்டே வென்றது. சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பதும் கூப்பேதான்.

துருவைப் பார்த்தல்

கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கும் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்தகடு அரித்துவிட்டது என்று பொருள். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஷாக் டவரிலோ (முன் சஸ்பென்ஷனைத் தாங்க என்ஜின் அறையின் இருபுறமும் உள்ள தகட்டுக் கோபுரம்) முன் ஃபிரேம் தண்டிலோ துரு இருந்தால் அந்தக் காரை வாங்கவே வேண்டாம்; கீழே சொல்லப்போகும் வேலைகள் அனைத்தும் அந்த இரண்டையும் நம்பியே நிற்கின்றன.

பிரேக்

1966 வரை வந்த மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் உருளை) ஒரே அறைதான். ஏதாவது ஒரு சக்கரத்தில் குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்காது. 1967-இல் ஃபோர்டே இரட்டை அறைக்கு மாறிவிட்டது; நீங்களும் முதல் வேலையாக அதற்கு மாறிவிடுங்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வேண்டும். பழைய பாகங்கள் விற்கும் இடங்களில் 1970-களின் ஃபோர்டு கிரனாடாவின் டிஸ்க் தொகுதி கிடைத்தால் அதுவே மலிவான வழி. ஆனால் வெளிப்புற டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனைகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

பிரேக் திரவத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்; அது கொதித்தால் மிதி அழுத்தம் தராமல் தாழ்ந்துவிடும். டாட் என்பது அமெரிக்கத் தர வகை. டாட் 3 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். டாட் 4-க்கு 230. ஈரம் ஏறிய பிறகு இவை முறையே 140, 155 என்று இறங்கிவிடும். என் பிரேக் மிதி தரையைத் தொட்டதற்குக் காரணம், முந்தைய உரிமையாளர் காலத்துத் திரவத்தை நான் மாற்றாமல் விட்டதுதான். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ டிராக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேல் கன்ட்ரோல் ஆர்மை இறக்குதல்

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்த ஒரு படிக்காகத்தான். ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கண்டறிந்து, 1965 ஜிடி350-இல் ஷெல்பி பயன்படுத்திய மாற்றம் இது. தொழிற்சாலை அமைப்பில், வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்முனை வெளிநோக்கிச் சாய்வதால், டயரின் ஓர் ஓரம் மட்டுமே சாலையைப் பிடிக்கிறது. சக்கரத்தைக் காரின் உடலோடு மேல்பக்கம் இணைக்கும் கையான மேல் ஆர்மின் உள்முனையை 1 அங்குலம் கீழே இறக்கினால், கார் சாயச் சாயச் சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கி வரும். டயர் முழு அகலத்தோடு தரையில் படியும். காரின் முன்பக்கமும் சுமார் 5/8 அங்குலம் தாழும். இதற்குத் தேவையான முதலீடு ஒரு டிரில் பிட்டும் ஒரு சனிக்கிழமையும் மட்டுமே.

முதலில் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, காயில் ஸ்பிரிங்கைச் சுருக்கி எடுக்க வேண்டும். இந்தக் காரில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்திருப்பதால், வெளிப்பக்கம் கவ்வும் பொதுவகைக் கம்பிரசர் ஷாக் டவருக்குள் சரியாக நுழையாது. டவரின் மேல்வழியாக உள்ளே இறங்கும், இந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட வகையை வாடகைக்காவது எடுங்கள். சுருங்கிய ஸ்பிரிங் நழுவினால் கை எலும்பு மிஞ்சாது.

பிறகு என்ஜின் பக்கமுள்ள இரண்டு நட்டுகளைக் கழற்றி ஆர்மை வெளியே எடுங்கள். ஆர்மின் தண்டுக்கும் டவருக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்த போல்ட்டில் எத்தனை இருந்தன என்பதைக் குறித்து, தனித்தனியாக டேப் ஒட்டி வையுங்கள். துளைக்கான அச்சுத் தகட்டைப் பழைய துளைகளில் பொருத்தினால் புதிய துளைகளின் இடம் தெரியும்: 1 அங்குலம் கீழே, 1/8 அங்குலம் பின்னே.

நான் தவறியது அந்த 1/8 அங்குலத்தில். இடப்புறம் உட்கார்ந்து ஷாக் டவரைப் பார்த்தால் காரின் முன்பக்கம் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். வலப்புறம் போய் உட்கார்ந்தால் அது வலக்கைப் பக்கம் மாறிவிடும். ஆகவே, வலப்புறத்துக்கு அச்சுத் தகட்டைத் திருப்பிப் போட வேண்டும். நான் திருப்பாமல் துளைத்ததால், இடப்புற ஆர்ம் 1/8 அங்குலம் பின்னேயும் வலப்புற ஆர்ம் அதே அளவு முன்னேயும் போய்விட்டன. வலப்புறத்தின் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னே சாயும் அளவு) குறைந்து, ஸ்டியரிங்கை விட்டால் கார் வலப்பக்கம் இழுத்தது. டயரைச் சந்தேகித்தேன், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், டை ராட்டை மாற்றினேன். இரண்டு வார இறுதிகள் வீணான பிறகே அளவுகோலை எடுத்தேன். சரியான இடத்துக்கும் தவறான துளைக்கும் இடையே 1/4 அங்குலமே இருந்ததால், புதிய துளை பழையதன் மேலேயே விழும். எனவே தவறான துளைகளை வெல்டிங்கில் அடைத்து, தேய்த்துச் சமப்படுத்திய பிறகே மறுபடி துளைக்க முடிந்தது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: தகட்டின் இரு முகங்களிலும் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போட்டு "முன்" என்று எழுதிவிடுங்கள், இரண்டு பக்கமும் குறித்து, அளந்து பார்த்த பிறகே டிரில்லைக் கையில் எடுங்கள்.

சிறிய பிட்டில் தொடங்கி, 1/4 அங்குலம், பிறகு 17/32 அங்குலம் என்று படிப்படியாக, மெதுவான வேகத்தில், வெட்டு எண்ணெய் விட்டுத் துளைப்பதே நல்லது. ஒரே அடியாகப் பெரிய பிட்டை வைத்தால் துளை நகர்ந்துவிடும். 1 அங்குலத்துக்கு மேல் இறக்க ஆசைப்பட வேண்டாம். பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள பந்து மூட்டு) தன் எல்லைக்குப் போய் முட்டும், அதைச் சரிசெய்யத் தனியாக ஆப்புத் துண்டுகள் வாங்க வேண்டியிருக்கும்.

பழைய ஷிம்களையே திரும்பப் போட்டு வண்டியை அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். தொழிற்சாலைப் புத்தகத்தின் அளவுகள் அந்தக் காலத்து பயாஸ்-பிளை (இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த) டயர்களுக்கானவை. கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மைனஸ் 1 டிகிரி, காஸ்டர் பிளஸ் 2.5 முதல் 3 டிகிரி, டோ-இன் (முன்சக்கரங்களின் முன்முனைகள் உள்நோக்கித் திரும்பிய அளவு) 1/8 அங்குலம் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கணினித் திரையில் தோன்றும் எண்ணையே வைப்பேன் என்று பிடிவாதம் செய்பவரிடம் விடாமல் வேறு இடம் பாருங்கள்.

மீதி வேலைகள்

இரண்டு ஷாக் டவர்களையும், என்ஜின் அறையைப் பயணிகள் அறையிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலோடு இணைக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸையும், டவர்களை ஒன்றோடொன்று இணைக்கும் மான்டி கார்லோ பாரையும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் பளு ஏறும்போது டவர்கள் உள்நோக்கி அசையும். முன் ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) ஜிடி350-இல் இருந்ததுபோல் 1 அங்குலம் போதும். 15க்கு 7 அங்குல ரிம்மும் 205/60 அளவு டயரும் எங்கும் உரசாமல் பொருந்தும். நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும் என்பதால், தடுப்புத் தகடு உள்ள ஆயில் பேன் ஒன்றை வாங்கிவிடுங்கள்; என்ஜின் பக்கம் நான் தொட்டது அது ஒன்றுதான்.

டிக்கியை ஒருமுறை குனிந்து பாருங்கள். நீங்கள் பெட்டி வைக்கும் அந்தத் தரையின் ஒரு பகுதி பெட்ரோல் டாங்கின் மேல்தகடே. டாங்குக்கும் உங்கள் முதுகுக்கும் இடையே பின் இருக்கையின் அட்டையும் பஞ்சும் தவிர வேறெதுவும் இல்லை. பின் இருக்கைக்குப் பின்னால் ஓர் எஃகுத் தகட்டை அடைத்து, ஓரங்களை மூடிவிடுங்கள். ரோல் பார் இல்லாமல் நான்கு முனை பெல்ட்டை மாட்டாதீர்கள். கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால் உடம்பு சாய இடமிருக்காது. தலைக்கவசம் ஸ்னெல் அமைப்பின் கார் பந்தயத்துக்கான எஸ்ஏ தரத்தில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கான எம் தரத்தைப் பல டிராக்குகளில் ஏற்பதில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்த ஒருவர், டிஸ்க் மாற்றிய பிறகு முன்சக்கரங்கள் சூடேறிப் புகைகின்றன என்று எழுதியிருந்தார். அவர் டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருந்தார். டிரம்முக்காக அதில் உள்ள மிச்ச அழுத்த வால்வு, காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முன் டிஸ்க், பின் டிரம் அமைப்புக்கென்று விற்கப்படும் சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் சரிசெய்யக் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும், கையால் திருகும் ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒன்றும் வேண்டும்.

ஆறு சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் சக்கரத்தில் நான்கு நட்டுகளே இருக்கும். ரிம்மை வாங்குவதற்கு முன் அச்சும் ஹப்பும் ஐந்து நட்டுக்கு மாற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், வி8 காராகவே தேடி வாங்குவது மலிவாக முடியலாம். 1967 கார் வைத்திருப்பவர்கள் ஷிம்மைத் தேட வேண்டாம். உங்கள் காரில் கேம்பரை மாற்றுவது கீழ் ஆர்மில் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்.