அணிப் பட்டியல் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளுக்காக அணிப் பட்டியல் போடும் இளைஞர்களைக் கவனிக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த பிழைகளே அப்படியே திரும்பி வருவதைக் காண்கிறேன். வயதுச் சான்று, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் போட்டி அமைப்பாளர்களே சுட்டிக்காட்டிவிடுவார்கள். ஆள் தேர்வில் நேரும் தவறோ சீசன் பாதி கடந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

கோல் அடித்தவரை எண்ணி, கோல் பிறந்த வழியை மறப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 2019 டிசம்பரில் ஜான் கிரிகரிக்குப் பின் ஓவன் காய்ல் பயிற்சியாளராக வந்தபோது, இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணி அட்டவணையின் அடிப்பகுதியில் கிடந்தது. அதே அணி அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என வீழ்த்தி, 2020 மார்ச்சில் ரசிகர்களே இல்லாத ஃபட்டோர்டா அரங்கில் ஏ.டி.கே. அணியுடன் இறுதி ஆட்டம் வரை சென்றது. நெரியுஸ் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை வாங்கினார். நடுக்கள வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தைக் காலில் வாங்கித் தலை நிமிர்வதற்குள் வால்ஸ்கிஸ் ஓடத் தொடங்கியிருப்பார் என்பதை ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பின்னர் காய்ல், வால்ஸ்கிஸ் இருவருமே ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றார்கள். விரும்பி வெளியேறும் வீரரை எந்த அணியாலும் கட்டிவைக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் முன்கள வீரர் போனார், இன்னொரு முன்கள வீரரை எடுத்தால் போதும் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக வந்தவர்களுக்கும் கிரிவெல்லாரோவுக்கும் இடையே அந்தப் புரிதல் உருவாகும் முன்பே, சீசனின் நடுவில் அவர் காயமடைந்தார். அவரைப் போல் பந்து கொடுக்க இன்னொருவர் பட்டியலில் இல்லை. 20 ஆட்டங்களில் மூன்று வெற்றி, 11 சமன், எட்டாவது இடம் என அந்த 2020-21 சீசன் முடிந்தது.

இங்கே ஓர் அணி சென்ற கோடையில் இதையே செய்தது. இடப்பக்கம் ஓடிப் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த பையனை நீக்கிவிட்டுச் சென்னையிலிருந்து கெஸ்ட் பிளேயர் ஒருவரை அழைத்துவந்தார்கள். நான் கேட்டதற்கு, "கோல் அடிக்கிறவன் நம்மகிட்டதானே இருக்கான், அப்புறம் என்ன அண்ணே?" என்றார் அணியின் பொறுப்பாளர். அந்தக் கோல் அடிக்கிறவர் இரண்டாவது ஆட்டத்திலேயே பந்து தேடி நடுக்களம் வரை இறங்கிவர வேண்டியதாயிற்று.

ஆகவே பட்டியலை முடிக்கும் முன், சென்ற சீசனின் கோல்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: பந்து எங்கே பறிக்கப்பட்டது, எந்தப் பக்கமாக வந்தது, கடைசியில் யார் கொடுத்தார். கொடுத்தவர் வரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவரை விடாதீர்கள்; அவருக்கு ஒரு மாற்றாளையும் இப்போதே தேடுங்கள்.

பெயரை மட்டும் பார்த்து ஆள் எடுப்பது

மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி ஆடியவர் என்று சொன்னால், எந்த ஆண்டு என்றும் கேளுங்கள்.

பெஞ்சில் இருக்கும் சொந்தப் பையன்களை மறப்பது

ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம்; 2017-18-இல் அது ஐந்தாகி, 2021-22-இல் நான்காகக் குறைந்தது. விதி இப்படிச் சுருங்கச் சுருங்க, மீதி ஏழு இடங்களில் ஆடும் இந்திய வீரர்களே ஓர் அணியின் தரத்தைத் தீர்மானிக்கிறார்கள். காய்லின் கீழ் சென்னையில் மலர்ந்த லாலியன்சுவாலா சாங்டே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குச் சென்றார். 2022-23 சீசனின் சிறந்த வீரர் விருதை அங்கேதான் பெற்றார். அவர் சென்னையில் தங்கியிருந்து அந்த விருதை வாங்கியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. உள்ளூர் அணிகளிலும் வெளியூர் ஆட்டக்காரருக்காக முதலில் பெஞ்சுக்கு அனுப்பப்படுபவர், விடியற்காலைப் பயிற்சிக்குத் தவறாமல் வரும் பத்தொன்பது வயதுப் பையன்தான். அவனை ஒரு சீசன் முழுக்க உட்காரவைத்தால் மறு சீசனில் அவன் எதிரணியின் சட்டையில் வருவான்.

கோல்கீப்பர்

இரண்டாவது கோல்கீப்பர் இல்லாமல் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.