பங்குனியில் டென்ட் தூக்கிக்கொண்டு கிளம்புமுன்: குமரிப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் எங்கள் மாவட்டத்தில் உண்டு, பாலை மட்டும்தான் இல்லை என்று குமரிக்காரர்கள் சொல்வோம். அந்தப் பாலையையும் பார்த்துவிடலாம் என்று உவரி வழியாகக் கிழக்கே போய், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கம் ஒரு ராத்திரி, திரும்பி வந்து கடற்கரையில் ஒரு ராத்திரி, மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி என்று பலர் இப்போது கிளம்புகிறார்கள். அருமையான பயணம். ஆனால் மூன்று நிலத்துக்கும் ஒரே மாதிரி தயாராகிப் போனால் ஆபத்து.

தேரியில் பலரும் செய்யும் தவறு, காரைத் தார்ச்சாலையிலிருந்து மணலில் இறக்குவது. அந்தச் செம்மணலில் சக்கரம் சுற்றச் சுற்றப் புதையுமே தவிர ஏறாது. கூடாரத்துக்கு அடிக்கும் முளையும் நிற்காது. சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டால் காற்றுக்கு அசையாது. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒரே செம்மணலும் பனையும் கொல்லாமரமும் (முந்திரி)தான். காலடித் தடத்தைக் காற்று அழித்துவிடும் என்பதால், நடக்கத் தொடங்குமுன் கார் நிற்கும் இடத்தைச் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீராவது வேண்டும். இருட்டியதும் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள், சுருட்டை விரியன் இரவில்தான் நடமாடும். தேரியில் பெரும்பகுதி வனத்துறையின் இடம். ஓரத்தில் பனைவிளை வைத்திருப்பவரிடம் கேட்டுத் தங்குவதே சரி.

கடற்கரை விஷயத்தில்தான் எனக்கு மிகவும் கவலை. வானம் தெளிவாக இருக்கிறது, காற்றில்லை, அலையும் சின்னதுதான் என்று பார்த்துவிட்டு ஈர மணலுக்குப் பக்கத்திலேயே படுக்கிறார்கள். தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகுதூரத்தில் அடிக்கும் புயல்காற்று எழுப்பும் அலைகள், சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே மேகம்கூட இருக்காது. கரையில் நிற்பவருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் கடல் ஏறி உள்ளே வந்துவிடும். அதனால்தான் மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள். கோடை மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டுபோனது இப்படி எச்சரிக்கை இருந்த ஒரு நாளில்தான். நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இன்காய்ஸ் என்ற மத்திய கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ஒருமுறை நாங்கள் டென்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மக்கா, வள்ளத்த இழுத்துப் போட்டிருக்கமில்லா, அதுக்கும் மேல போய்ப் படுங்க" என்றார். அன்றிலிருந்து வள்ளங்கள், அதாவது மீன்பிடிப் படகுகள், கிடக்கும் இடம்தான் எனக்குக் கணக்கு. ஆறு கடலில் சேரும் பொழியின் மணல்திட்டு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே படுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் தண்ணீர்.

மலைக்கு வந்தால், காட்டுக்குள் டென்ட் அடிக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். குமரியின் காடுகளில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே தங்குவது குற்றம், யானைகளும் உண்டு. அடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களில் உரிமையாளரிடம் கேட்டுத் தங்கலாம். அங்கேயும் தீ மூட்டாதீர்கள். ரப்பர் மரம் தை, மாசியில் இலை உதிர்க்கும். பங்குனியில் தரையெல்லாம் சருகு, ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனதும் இதே பருவத்தில்தான். சோற்றையும் குழம்பையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மலையடிவாரத்தில் காளிகேசம் பக்கம் ஆற்றுப் பாறைமேல் படுப்பதும் வேண்டாம், மேலே பெய்யும் மழை திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். சாயங்காலம் மலையுச்சியில் இடி கேட்டால், கீழே ஒரு துளி விழாவிட்டாலும் சாமானை எடுத்துக்கொண்டு உடனே கரையேறிவிடுங்கள்.