ஜாஸ் ஆனர்ஸ்: சறுக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸ் என்பது பெரும்பாலும் மூன்றாண்டு இளங்கலைக்குப் பிறகு வரும் தனி ஓராண்டு. சில இடங்களில் நான்காண்டுப் படிப்புக்குள்ளேயே அது அடங்கிவிடும். ஜாஸ் வாசிப்பை எடுத்தவருக்கு இரண்டு வேலைகள்: ஒரு ரிசைட்டல் (மதிப்பெண் போடும் மேடைக் கச்சேரி), ஓர் ஆய்வேடு. முதல் வகுப்போ, இரண்டாம் வகுப்பின் மேல்படியோ கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கு வழி திறக்கும். "நல்லா வாசிக்கிறோம், இன்னும் ஒரு வருஷம் வாசிப்போம்" என்று சேர்பவர்கள்தான் இதில் முதலில் திண்டாடுகிறார்கள். ரிசைட்டலும் ஆய்வேடும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாக இருக்க வேண்டும். மேடையில் ஒன்று, காகிதத்தில் சம்பந்தமில்லாத இன்னொன்று என்றால் இரண்டிலுமே மதிப்பெண் போகும்.

எனவே பெரிய தவறு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சாக்ஸபோன் மேதையைப் பற்றி "ஜான் கோல்ட்ரேனின் தாக்கம்" என்று எழுதிக்கொண்டு போனால் சூப்பர்வைசர் பொறுமையாகச் சிரிப்பார். அதை ஒரு வருடத்தில் யாரும் முடிக்க முடியாது. அதே கோல்ட்ரேனிடமிருந்து கைக்கு அடங்கும் கேள்வியை எடுக்கலாம். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டில் பி, ஜி, இ ஃப்ளாட் என மூன்று சுருதிகளுக்கு மின்னல் வேகத்தில் தாவ வேண்டும். இசைத்தட்டில் வெளிவந்தது 1959 மே மாதப் பதிவு. பியானோவில் டாமி ஃப்ளானகன். அவருடைய சோலோ (தனியாகக் கற்பனை செய்து வாசிக்கும் பகுதி) நடுவில் தயங்கி, வெறும் கோர்டுகளாக (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களாக) தேய்ந்துபோவதைக் காதாலேயே கேட்கலாம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பியானோவில் சீடர் வால்டனோடு பதிவான முயற்சிகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றையும் மே மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டால், கோல்ட்ரேன் கோர்டின் 1, 2, 3, 5 ஆம் ஸ்வரங்களைக் கோத்த அதே சின்னச் சின்ன வடிவங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது தெரியும். எவற்றை முன்கூட்டியே தயார்செய்து வந்தார், எங்கே அந்த இடத்திலேயே யோசித்தார்? இதுதான் ஆய்வுக் கேள்வி. இதற்கு விடை தேடியவர் ரிசைட்டலில் அந்தத் தயார் வடிவங்களை வேண்டுமென்றே தவிர்த்து வாசித்துக் காட்டலாம். மேடையும் காகிதமும் அப்போது தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ஷன். சோலோவைக் கேட்டு எழுதிப் பின்னிணைப்பில் செருகினால் ஆய்வாகிவிடாது. எழுதியதைச் சொல்லி முடிப்பவர்கள் ஏராளம், எழுத முடியாததைக் கவனிப்பவர்கள் குறைவு. ஜாஸின் ஆட்டமான தாளநடையான ஸ்விங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டை இரண்டாகப் பிரித்து ஜோடியாக வரும் ஸ்வரங்களில் முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. ஆனால் விகிதம் நிலையானதல்ல. டிரம்மர்களின் சிம்பல் தட்டலை அளந்து 2002-இல் ஃப்ரைபெர்க், சுண்ட்ஸ்ட்ரம் இருவரும் எழுதினார்கள்: மெதுவான காலத்தில் வித்தியாசம் மிகப் பெரிது, வேகம் கூடக் கூட இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. முதல் ஸ்வரத்துக்கு எப்போதும் மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதிவைத்தால் தேர்வாளர் பேனாவை எடுப்பார். 'சோனிக் விஷுவலைசர்' இலவச மென்பொருள், அளந்து பாருங்கள். அதற்கும் முன்னால் வாயால் பாடுங்கள். பியானோ கலைஞரும் ஆசிரியருமான லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களைப் பெரிய சோலோக்களை வாத்தியத்தில் தொடுமுன் பாடவைத்தார்.

ரியல் புக்கை வேதமாக எடுப்பதும் பழைய வியாதி. 1970-களில் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் ஜாஸ் பாட்டுகளின் மெட்டையும் கோர்டுகளையும் அனுமதியின்றித் தொகுத்த நூல் அது. முறையான பதிப்பு 2004-இல்தான் வந்தது. 1944 படத்துக்கு விக்டர் யங் எழுதிய 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' மெட்டு தொடங்குவது பி ஃப்ளாட் டிமினிஷ்டு கோர்டில். இன்று மேடைகளில் பெரும்பாலும் இ ஹாஃப் டிமினிஷ்டில் தொடங்குகிறார்கள். இரண்டும் தவறல்ல. எதை, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லத் தெரியாததுதான் தவறு.

கர்நாடக இசை கற்றுவிட்டு ஜாஸுக்கு வரும் நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்பனாஸ்வரம் தெரிந்தவருக்குத் தைரியம் ஏற்கெனவே இருக்கும், அது பெரிய சொத்து. ஆனால் ராகம் இடம் மாறாது, கோர்டு மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம் நீங்கள் வாசிக்கும் வரியில் கேட்க வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் கோர்வை போட்டுச் சமத்தில் இறக்கினால் முதல் முறை கைதட்டு கிடைக்கும், மூன்றாம் முறை எல்லோருக்கும் முடிவு முன்பே தெரிந்துவிடும். இரண்டையும் சேர்ப்பதையே ஆய்வாக எடுப்பதென்றால், முன்னால் நடந்ததைப் படிக்காமல் "முதல் முயற்சி" என்று எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழுவும் மிருதங்க வித்வான் காரைக்குடி மணியும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவிலேயே சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

ரிசைட்டல் சொதப்புவது பெரும்பாலும் வாசிப்பால் அல்ல, ஏற்பாட்டால். ஆறு பாட்டுக்கும் ஒரே நடுத்தர வேகம், மெட்டு, பிறகு வரிசையாக எல்லோரும் சோலோ, மறுபடி மெட்டு: அரை மணி நேரத்தில் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு பாட்டை பாஸோடு மட்டும் வாசியுங்கள், ஒன்றில் டிரம்ஸை முதலில் பேசவிடுங்கள். கூட வாசிப்பவர்களுக்கான இசைக் குறிப்புத் தாளை அன்றைக்குக் கையில் திணிக்காமல் ஒத்திகைக்கு முன்பே அனுப்புங்கள், வாத்தியத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதி. டெனர் சாக்ஸ்காரர் காகிதத்தில் உள்ள சி-யை வாசித்தால் காதில் விழுவது பி ஃப்ளாட், ஆல்டோ என்றால் இ ஃப்ளாட். நண்பர்கள்தானே என்று ரிதம் செக்‌ஷனுக்கு (பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு) சம்பளம் பேசாமல் விடுவதும் வழக்கம். அன்றிரவு அவர்களுக்குக் காசு தரும் வேறு கச்சேரி வந்தால் யாரையும் குறைசொல்ல முடியாது.

கடைசியாக, கலைஞர்களைப் பேட்டி எடுக்கும் எண்ணமிருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். அனுமதிக்கு முன் பதிவுசெய்த பேட்டி எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகலாம். படிவம் நீளம், திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் சகஜம். தலைப்பு முடிவான வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள்.