ஜேட் செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது எப்படி

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஜேட் என்று பாருங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கம் நர்சரியில் ‘ஜேட்’ என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது போர்டுலகேரியா. சிவந்த தண்டு, சுண்டுவிரல் நகம் அளவு உருண்டை இலை. அசல் ஜேட் என்பது கிராசுலா ஒவேட்டா. அதன் இலை கட்டைவிரல் பருமனுக்குத் தடித்துப் பளபளவென்று இருக்கும். இரண்டுக்கும் பூர்வீகம் தென்னாப்பிரிக்கப் பக்கம்தான், பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் வித்தியாசம் முக்கியம்: கிராசுலாவைக் கடித்துத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும், போர்டுலகேரியாவை யானையே மேயும்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊரில் ஜேட் சாவது முக்கால்வாசி அதனால்தான். இந்தச் செடி இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் இலைத் துளைகளை மூடி, இரவில்தான் திறக்கும். வறண்ட மண்ணில் பிழைக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. கடற்காற்றில் உப்பு டப்பாவே கசிந்து நிற்கும் ஊரில் தொட்டி மண் எப்போது காய்வது?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பால்கனியில் இருந்த நான்கு தொட்டிகளையும் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. வெளியே ஊரே மிதக்கிறது, நான் உள்ளே வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினேன். பத்து நாளில் தொட்டாலே இலை உதிர்ந்தது. அடித்தண்டை அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது, ஒரு புளித்த நாற்றம் வேறு. அப்படி ஆனால் அடியை விட்டுவிடுங்கள். மேலே கத்தியால் வெட்டிக்கொண்டே வந்து, வெட்டுவாயில் பழுப்பு இல்லாமல் சுத்தப் பச்சை தெரியும் இடத்தில் நிறுத்தி, அந்தத் துண்டைச் செய்தித்தாள் மேல் ஐந்தாறு நாள் காயப் போட்டு, பிறகு ஈரமில்லாத மணல் கலவையில் நடுங்கள். எனக்கு நாலில் இரண்டு தப்பியது.

ஒரு தென்னங்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் ஊற்றாதீர்கள். கோடையில் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் மூன்று வாரம்கூடத் தள்ளும். இலை சுருங்கித் தொய்ந்தால் தாகம், மஞ்சளாகிக் கொழகொழத்தால் அதிகம். ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் மண் மேல் வெள்ளையாகப் படியும், அங்கே மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது.

நர்சரி மண்ணை நம்பாதீர்கள், களிமண் மாதிரி இறுகும். பாதி செம்மண், பாதி ஆற்று மணலும் உடைத்த செங்கல் துண்டும், ஒரு கைப்பிடி மண்புழு உரம், போதும். பீச்சிலிருந்து மணல் அள்ளிவராதீர்கள், உப்பு வேரைக் கொன்றுவிடும். பீங்கான் ஜாடியை விட மண் தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் காயும்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல். பணம் வரும் செடி என்று ஈசானிய மூலையில் டிவிக்குப் பின்னால் இருட்டில் வைத்தால் தண்டு நீண்டு துவண்டு தொங்கும், பணமும் வராது. அதற்காக நிழல் வலையில் வளர்ந்ததை அக்னி நட்சத்திரத்தில் மாடியில் கொண்டுபோய் வைத்தாலும் இலை பழுப்பாக வெந்துவிடும். பத்துப் பதினைந்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

இலை இடுக்கில் பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம். எல்லோரும் சொல்லும் வேப்பெண்ணெய் ஜேட் இலையில் சில சமயம் தழும்பு விழ வைக்கும், முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் கன்று எடுப்பது. கிராசுலாவில் உதிர்ந்த இலையை மண் மேல் சும்மா போட்டு வைத்தாலே வேர் விடும். போர்டுலகேரியாவில் இலையை நம்பி உட்காராமல் விரல் நீளத் தண்டாக வெட்டிக் காயவைத்து நடுங்கள். மூன்று வாரம் கழித்து லேசாக இழுத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும், முதல் தண்ணீர் அன்றைக்குத்தான்.