நாற்காலி செய்ய எந்த டிரில் பிட்? வாங்குவதும் பராமரிப்பதும்

மர வேலையில் கூடுதலாக அடி வாங்கும் பொருள் நாற்காலிதான். உட்காருபவர் பின்னால் சாய்வார், பக்கவாட்டில் திரும்புவார், அப்படியே இழுத்தும் போடுவார். அந்த அசைவெல்லாம் கழுந்து (சட்டத்தின் முனையில் துளைக்குள் நுழையும் பகுதி) துளைக்குள் உட்காரும் இடத்தில்தான் போய் விழும். துளை அரை மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால் போதும், எவ்வளவு பசை ஊற்றினாலும் மூட்டு ஆட ஆரம்பித்துவிடும். சாதாரண மரப்பசைக்கு இடைவெளியை நிரப்பித் தாங்கும் பலம் கிடையாது. அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்களிடம், டிரில்லில் மாட்டித் துளை போடும் பிட்டைப் பற்றி முதலில் பேசுகிறேன்.

1. முதலில் பிட், அப்புறம் கழுந்து

துளையின் அளவை பிட்தான் முடிவு செய்யும், அதை உங்களால் மாற்ற முடியாது. கழுந்தை வேண்டிய அளவுக்குச் சீவிக்கொள்ளலாம். எனவே பிட்டை வாங்கி, அதே மரத்தின் துண்டு ஒன்றில் சோதனைத் துளை போடுங்கள். அந்தத் துளைக்குப் பொருந்துகிற மாதிரி கழுந்தைச் செதுக்குங்கள். கையால் திருகினால் பாதிவரை போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். அதுதான் சரியான இறுக்கம். பிட்டில் 16 மி.மீ. என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பிக் கழுந்து செய்யாதீர்கள்.

2. எந்த வகை?

கடையில் பெட்டி பெட்டியாக செட் கிடைக்கும். ஆரம்பத்தில் அது வேண்டாம். முதுகுக் குச்சிகளுக்கு 12 மி.மீ., குறுக்குச் சட்டங்களுக்கு 16 மி.மீ., இருக்கைப் பலகையில் கால் ஏற்ற 25 மி.மீ. என்று மூன்று நல்ல பிட் இருந்தால் முதல் நாற்காலியை முடித்துவிடலாம்.

முதல் இரண்டும் பிராட் பாயின்ட் வகையில் இருக்கட்டும். நடுவில் கூர்முனை, ஓரத்தில் இரண்டு சின்னக் கொம்புகள். கொம்பு நாரை வட்டமாக அறுத்த பிறகே உள்ளே இருக்கும் விளிம்பு மரத்தைச் சீவும், அதனால் துளையின் வாய் பிசிறில்லாமல் வரும். இரும்புக்கான ட்விஸ்ட் பிட் மரத்தின் ரேகையோடு வழுக்கி ஓடும். அதைத் திருகாணித் துளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

25 மி.மீ.க்கு ஃபார்ஸ்ட்னர் (வட்டத் தலையும் அதைச் சுற்றி வெட்டும் விளிம்பும் கொண்ட பிட்) நல்லது. அதன் விளிம்பே வழிகாட்டுவதால் சாய்வாக இறங்கும்போதும் தடுமாறாது. ஆனால் சீக்கிரம் சூடேறும். கடின மரத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று போதும்.

ஆகர் பிட்டின் நுனியில் திருகு இருக்கும், பிட்டை மரத்துக்குள் அதுவே இழுத்துக்கொண்டு போகும். கையால் சுற்றித் துளைப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஒரு எச்சரிக்கை மட்டும்: 35 மி.மீ. தடிமனுள்ள காலில் 25 மி.மீ. ஆழம் துளைத்தால் மறுபக்கம் மிஞ்சுவது 10 மி.மீ.தான். நீளமான திருகு அதைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துவிடும். வாங்கும் முன் நுனியின் நீளத்தை அளந்துவிடுங்கள்.

3. கடையிலேயே சோதியுங்கள்

பிட்டின் தண்டைக் கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்கள். நுனி துள்ளினால் பிட் வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள். இரண்டு கொம்பும் ஒரே உயரமா, நடுமுனை சரியாக மையத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. துளைக்கும்போது

பிராட் பாயின்ட்டை குறித்த இடத்தில் வைத்து, முதலில் டிரில்லைப் பின்பக்கமாக இரண்டு மூன்று சுற்று விடுங்கள். கொம்புகள் ஒரு மெல்லிய வட்டத்தைக் கீறும். அப்புறம் முன்பக்கம் ஓட்டினால் ஓரம் பெயராது. அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் தட்டுங்கள். மறுபக்கம் வரை போகும் துளை என்றால் கீழே ஒரு மரத்துண்டை இறுக்கிக் கட்டுவது கட்டாயம்.

5. சுத்தமும் சாணையும்

சுருள் சுருளாக வந்த சீவல் தூளாக மாறினால், துளையின் சுவர் கருகினால், பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கருகிய சுவரில் பசையும் சரியாகப் பிடிக்காது. ஆனால் சாணைக்கு முன் பிட்டில் ஒட்டியிருக்கும் மரப்பிசினைப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான். மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போய்விடும்.

அதற்குப் பிறகும் வெட்டவில்லையா? மெல்லிய வைர அரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்புகளை உட்புறம் மட்டுமே ராவ வேண்டும். வெளிப்புறம் ஒரு தடவை அரம் பட்டாலும் பிட்டின் விட்டம் குறைந்துவிடும், பிறகு அது 16 மி.மீ. பிட்டே இல்லை. வெட்டும் விளிம்புகளில் ஒருபக்கம் நான்கு இழுப்பு என்றால் மறுபக்கமும் நான்கு. ஒன்று உயர்ந்துவிட்டால் அது மட்டுமே வெட்டும், மற்றது சும்மா சுற்றும். ஆகரின் விளிம்பைத் தண்டு இருக்கும் பக்கத்திலிருந்து ராவுங்கள், திருகு இருக்கும் அடிப்பக்கத்தைத் தொடாதீர்கள்.

சாணைச் சக்கரத்தை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். சாதாரண கார்பன் எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், கூர் நிற்காது. ஹை ஸ்பீடு ஸ்டீல் சூடு தாங்கும், ஆனாலும் நுண்ணிய கொம்புகளுக்குக் கை அரம்தான் பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் துளையிட்ட மரக்கட்டையில் நிறுத்தி வையுங்கள். ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றோடொன்று மோதி முதலில் உடைவது அந்தக் கொம்புகள்தான். கொம்பு தேய்ந்து விளிம்பின் மட்டத்துக்கே வந்துவிட்ட பிட்டை நாற்காலிக்கு எடுக்காதீர்கள். திருகாணித் தலை மறையக் குழி போடுகிற மாதிரி சில்லறை வேலைகளுக்கு ஒதுக்கிவிடலாம்.