கோழி மேயும் புல்தரையில் மருந்தும் உரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைச் சுற்றிப் புல்தரையும் நாலைந்து நாட்டுக்கோழிகளும் வைத்திருப்பவர்கள், உரக்கடையில் களைக்கொல்லியோ கரையான் மருந்தோ கேட்கும்போது பெரும்பாலும் குழந்தைகளையும் நாயையும் மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். "காய்ந்த பிறகு தாராளமாக நடக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லும் பதில் காலுக்குப் பொருந்துமே தவிர, அலகுக்குப் பொருந்தாது. கோழி புல்நுனியைக் கொய்து தின்கிறது. மண்ணைச் சீய்த்துப் புழு பொறுக்குகிறது. பல் இல்லாததால் தீனியை அரைக்கச் சிறு கற்களைத் தேடி விழுங்குகிறது. உலர்ந்த புழுதியில் புரண்டு இறகைச் சுத்தம் செய்கிறது. இந்தப் பழக்கங்களில் ஏதாவது ஒன்றை மறந்துவிடுவதால்தான் தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் மிக ஆபத்தானது, குருணை மருந்தைப் புல்லின் மேல் தூவிவிட்டு அப்படியே போய்விடுவது. வேர்ப்புழுவுக்கென்று விற்கப்படும் குருணைகளில் பல, மணலிலோ களிமண்ணிலோ மருந்தை ஏற்றித் தயாரிக்கப்பட்டவை. அரைப்பைக்குக் கல் தேடி அலையும் கோழிக்கு அவற்றை ஒதுக்குவதற்குக் காரணமே இல்லை. கார்போபியூரான் குருணை ஒன்றே ஒன்று ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதுமானது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் அந்தக் குருணையின் பெரும்பாலான பயன்பாடுகள் விலக்கிக்கொள்ளப்பட்டதற்குப் பறவைச் சாவுகளே காரணம். நம் ஊரில் நெடுங்காலம் புழங்கிய போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பம்புசெட் அறையிலும் பரணிலும் கிடக்கும் பழைய பொட்டலங்களுக்குத் தடை உத்தரவு தெரியாது. அப்படி ஒன்று கிடைத்தால், வீணாகிறதே என்று புல்தரைக்குப் போட்டுத் தீர்த்துவிடும் எண்ணமே வரக்கூடாது.

பூச்சிமருந்து அல்ல, வெறும் உரம்தானே என்று யூரியா, டிஏபி குருணைகளை அலட்சியமாகத் தூவுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். யூரியா தண்ணீர் பட்டதும் விரைவில் கரைந்துவிடும். டிஏபி அப்படியல்ல, மேலாகத் தண்ணீர் விட்ட பிறகும், புல்லைக் கையால் விலக்கிப் பார்த்தால் அடித்தண்டுகளுக்கிடையே சாம்பலும் பழுப்புமாகக் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள் அப்படியே கிடப்பது தெரியும். மேலிருந்து பார்க்கும் மனிதனுக்கு அவை மறைந்துவிடும். சீய்க்கும் கோழிக்கு மறையாது. ஆகவே உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதே நல்லது; தூவித்தான் ஆக வேண்டுமென்றால், மண் ஊறும்வரை தண்ணீர் பாய்ச்சி, இப்படி விலக்கிப் பார்த்து மணி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே கோழிகளைத் திறந்துவிட வேண்டும்.

மருந்துப் புட்டியின் சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறத்தை மட்டும் நம்புவது படித்தவர்களும் செய்யும் தவறு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசை, எலி போன்ற பாலூட்டிகளில் உடனடி நச்சைச் சோதித்து வகுக்கப்பட்டது. பறவையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆர்கனோபாஸ்பேட் என்ற, நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்து வகையைச் சிதைக்கும் நொதி பறவைகளின் இரத்தத்தில் மிகக் குறைவு; அதனால் பாலூட்டி தாங்கும் அளவைப் பறவை பெரும்பாலும் தாங்காது. அதே வகையைச் சேர்ந்த டயசினான் தெளித்த புல்லை மேய்ந்த காட்டு வாத்துகள் 1980களில் அமெரிக்க கோல்ஃப் மைதானங்களில் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதன் பிறகு மைதானங்களில் அம்மருந்து நிறுத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், வீட்டுப் புல்தரைகளுக்கு மட்டும் 2004 வரை கடையில் கிடைத்தது. இன்னொன்றும் உண்டு: சில ஆர்கனோபாஸ்பேட்டுகள் ஓரிரு வாரம் கழித்துக் காலை முடக்கும் நரம்புக் கோளாறை உண்டாக்கும், அதைச் சோதிக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் விலங்கே முட்டைக்கோழிதான். மருந்தடித்த மறுநாள் கோழி நன்றாக மேய்கிறது என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

கரையான் மருந்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டி மருந்து ஊற்றும் அந்த ஒன்றரை அடி அகல மண்தான், கூரையின் கீழ் மழை படாமல் உலர்ந்து, கோழிகள் பள்ளம் பறித்துப் புழுதியில் குளிக்கும் இடமாகவும் இருக்கிறது. அங்கே சில நாள் அடைப்பு போதாது. கம்பி வலை கட்டி அந்தப் பகுதியை நிரந்தரமாகவே விலக்கிவிட்டு, புழுதிக் குளியலுக்கு வேறிடத்தில் மணலும் சாம்பலும் கொட்டி வைப்பதே சரி. மருந்துபட்டுச் சாகும் கரையானையும் ஈசலையும் கோழி விரட்டிப் பிடித்துத் தின்னும் என்பதையும் மறக்கக்கூடாது. மழைக்காலத்தில் நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு வில்லைகள் தவிட்டில் செய்யப்படுபவை. கோழி உள்ள வீட்டில் அவற்றை வைக்கவே வேண்டாம்.

களைக்கொல்லியைப் பொறுத்தவரை என் கருத்து எளியது: கோழி மேயும் அளவிலான புல்தரைக்கு அது தேவையில்லை. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. பாராகுவாட் பற்றிப் பேசவே வேண்டாம். மனிதனுக்கே அதன் நச்சை முறிக்கும் மருந்து கிடையாது. கோரையைக் கிழங்கோடு களைக்கொத்தியால் எடுப்பது சலிப்பான வேலைதான், ஆனால் கிளறிய மண்ணில் புழு கிடைப்பதால் கோழிகள் கூடவே வந்து நிற்கும். யாராவது அடித்தே தீருவேன் என்றால், தண்ணீர்க் கிண்ணத்தையும் தீனித் தட்டையும் முதலில் அகற்றட்டும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரும் கோழிக்குக் குடிநீர்தான்.

இயற்கை உரம் என்றால் கவலையில்லை என்பதும் தவறான நிம்மதி. ஆமணக்கு விதையின் ரிசின் நச்சு, எண்ணெய் பிழிந்த பின்பும் புண்ணாக்கில் தங்கியிருக்கும். கடலைப் புண்ணாக்கு கொத்திப் பழகிய கோழிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆமணக்குப் புண்ணாக்கைக் கோழி எட்டாத தொட்டிகளில் மண்ணுக்குள் புதைத்துப் போடலாம், புல்தரையில் தூவக்கூடாது.

முட்டையைப் பலர் எண்ணுவதே இல்லை. ஒரு மஞ்சள் கரு வேகமாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 10 நாள் ஆகிறது. அந்த நாள்களில் கோழியின் உடலில் உள்ளது கருவிலும் சேரும். 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிக் கொட்டகைகளில் உண்ணிக்கென அடித்த மருந்தில் விதிமீறிக் கலந்திருந்த பிப்ரோனில் என்ற பூச்சிமருந்து முட்டையில் ஏறியதால், இலட்சக்கணக்கான முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன; அந்தக் கோழிகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. பிப்ரோனில் கொழுப்பில் தங்கும் இயல்புடையதால், அது பட்டது தெரிந்தால் பத்து நாள் கணக்கும் போதாது. எத்தனை நாள் முட்டையை ஒதுக்குவது என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், இறக்கை தொங்குதல், வாய் பிளந்து மூச்சு விடுதல், நீராகக் கழிதல் ஆகியவற்றைக் கண்டால் வெள்ளைக்கழிச்சல் என்று தாமாக முடிவுகட்டி, பூண்டும் மஞ்சளும் அரைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தக்கூடாது. ஆர்கனோபாஸ்பேட் நச்சுக்கு அட்ரோபின் உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் அளவறிந்து போட வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மருந்துப் புட்டியையோ சீட்டையோ கையில் வைத்திருந்தால் மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும். இறந்த கோழியைக் குழம்பாக்குவதோ நாய்க்குப் போடுவதோ கூடாது. மருத்துவர் பரிசோதனைக்குக் கேட்கவில்லையென்றால், ஒதுக்கிய முட்டைகளோடு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, மற்றக் கோழிகள் அந்த இடத்தைச் சீய்க்காதபடி மேலே கல்லை அடுக்கிவிட வேண்டும்.